சிறில் எழுதிய மனைவிமார்

பேர்ணடெட் எங்களுக்கு அறிமுகமானது நாங்கள் நாடுவிட்டு வந்து வேலை செய்த ஈஸ்ட் டாமாக்கிப் பண்டகசாலையின் சாப்பாட்டு அறையில். ஒரு கையில் சோற்றுப் பெட்டி, மறு கையில், பெண்கள் எழுதியதாக வரும் பழைய ரோமாபுரிக் காதல் கடிதங்கள். ஆல்பனியிலுள்ள பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய செவ்வாய்க்கிழமை லீவுக்குப் பொருந்திவந்த ஒரே பாடம் அந்தக் கடிதங்கள்தான். இரண்டு வாய் சாப்பிடுவாள், ஃபோனைப் பார்ப்பாள், ஒரு பக்கம் புரட்டுவாள், திரும்பவும் ஃபோன்.

மன்னாரில் இருந்த அவள் கணவன் ஜெனிஸ்ரனின் விசா பதினான்கு மாதமாக இழுபட்டது. அந்த வாரம்தான் விசா அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. விண்ணப்பத்தோடு வைத்த மனைவியின் கடிதம் வேறு மூன்று விண்ணப்பங்களிலும் வரிக்கு வரி இருக்கிறதாம். பத்து நாளில் விளக்கம் வேண்டுமாம்.

கடிதத்தை எழுதியது அவளுடைய அண்ணன் சிறில். ஞாயிறு போகும் சேர்ச்சில் யாருக்குப் பார்ட்னர் விசா என்றாலும் மனைவியின் கடிதத்தை அவர்தான் எழுதிக்கொடுப்பார். இங்கிலிஷ் தெரிந்த மனிதர், யாருக்கும் இல்லையென்று சொல்லாதவர். "கடலைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகமே தெரிகிறது" என்று நாலு பெண்களும் ஒரே கடலைப் பார்த்துக் கண்ணீர் விட்டிருந்தார்கள்.

அடுத்த செவ்வாய், வகுப்பில் வாசித்த கடிதங்களிலும் கடற்கரையில் நின்று அழும் பெண்கள்தான். பக்கத்தில் இருந்த மதுரைக்காரி தேவதர்ஷினி குசுகுசுத்தாள்.

"அக்கா, இதெல்லாம் எழுதுனது ஒரு ஆம்பளை. அதான் ஒருத்திகூட கரண்ட் பில் பத்தி மூச்சு விடல!"

பேர்ணடெட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்தக் கடிதப் பெண்களில் ஒருத்தி அழுகையை நடுவில் விட்டுவிட்டுக் காதலனைத் திட்டத் தொடங்கியிருந்தாள். திரும்பும் பஸ்ஸில் பேர்ணடெட் அந்தப் பக்கத்தை மட்டும் மூன்று தரம் வாசித்தாள்.

"அண்ணா, நானே எழுதப்போறன்."

"விசர்க்கதை கதையாதை. உனக்கு உதெல்லாம் எழுதத் தெரியுமோ?"

"தெரியாட்டிலும் அவரைக் கட்டினது நான்தானே!"

முதல் கடிதம் அண்ணன் எழுதியது என்று ஒப்புக்கொண்டுதான் தொடங்கினாள். பிறகு நடந்ததை நடந்தபடி எழுதினாள். கலியாணத்துக்குப் பிறகு சேர்ந்திருந்தது பதினொரு நாள். வேலை போனதை ஜெனிஸ்ரன் இரண்டு மாதம் மறைத்தான். அவள் ஐந்து நாள் பேசவில்லை. ஆறாம் நாள் அவன் தானே சமைத்து அடிப்பிடித்த சோற்றுப் பானையைப் படமெடுத்து அனுப்பினான், சிரித்துவிட்டாள். வந்தால் ஒத்துப்போகுமா என்ற பயம் இருக்கிறது. ஆனாலும் அவர் வரவேண்டும் என்று முடித்தாள்.

வாசித்த சிறிலுக்கு முகம் கறுத்தது. "சண்டையையும் ஆரும் எழுதுவினமோ? மறுத்துப்போடுவாங்கள், பார்."

"மறுத்தா என்ரை கதையைக் கேட்டு மறுக்கட்டும்" என்று அனுப்பிவிட்டாள்.

அதன்பிறகு ஆறு வாரம் அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பண்டகசாலையில் ஒட்டிய பெட்டியையே திரும்ப ஒட்டினாள், பஸ்ஸில் இறங்கும் இடம் தாண்டிப் போனாள்.

ஏழாவது வாரம் விசா வந்தது. இப்போது பேர்ணடெட்டும் ஜெனிஸ்ரனும் பண்டகசாலைக்குப் பக்கத்துப் பிளாட் புஷ்ஷில் வாடகைக்கு இருக்கிறார்கள். அவளுக்குப் பட்டம் முடிக்க இன்னும் நாலு பாடம் இருக்கிறது.