ஒரு காம்பராவில் இரண்டு உலை

குடும்பம் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித் தந்தது ஒரு சுற்றறிக்கை. ஒரே உலையில் வெந்ததைச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை, ஆகவே நம்பினேன்.

அறுபதுகளின் பிற்பகுதியில் இலங்கையின் பதுளையில், அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எனக்குக் கிடைத்த உத்தியோகம், தேயிலைத் தோட்டங்களில் வீடு வீடாகப் போய் வருமானம் கேட்பது. கேட்ட பிறகு எல்லாக் குடும்பங்களையும் ஏழையிலிருந்து பணக்காரர் வரை காகிதத்தில் வரிசையாக நிறுத்தி, சரி நடுவில் நிற்பவரைப் பிடிக்க வேண்டும். அவர் வருமானம்தான் ஊரின் வருமானம். சராசரி என்றால் தோட்டத்தை நடத்தும் துரை ஒருவரைச் சேர்த்தவுடன் மலையேறிவிடும். நடுவில் நிற்பவர் அப்படி லேசில் அசையமாட்டார் என்று படித்திருந்தேன். எழுபதுகளின் கடைசியில், பழைய வீடுகளுக்கே மறுபடி போய், நடு ஆள் எவ்வளவு முன்னேறியிருக்கிறார் என்று பார்த்துவரச் சொன்னார்கள்.

நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டம். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், முன்பு நான் ஒரே குடும்பமாக எழுதிய ஒற்றையறைக் காம்பரா ஒன்றுக்குப் போனேன். அன்று அங்கே தாயும் வளர்ந்த மகனும் இருந்தார்கள். இப்போது மகனுக்கு மனைவியும் கைக்குழந்தையும். உள்ளே மாமியார் அடுப்பு புகைந்தது. வெளித் திண்ணையாகிய இஸ்தோப்பில், சாக்கு மறைப்புக்குப் பின்னால், மருமகள் அடுப்பு புகைந்தது.

“நாங்க வேற, அவங்க வேற. ரெண்டாப் போடுங்க ஐயா,” என்றாள் மருமகள்.

“என்னாடி ரெண்டு? ஒரு கூரை, ஒரு காம்பரா. ஒன்னாப் போடுங்க சாமி,” என்றார் மாமியார்.

கணக்கெடுக்க வந்தவனை இவ்வளவு ஆவலாக யாரும் வரவேற்றதில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. லயத்தின் கடைசிக் காம்பரா காலியாகக் கிடந்தது. வருகிற ஐயா இரண்டு குடும்பம் என்று எழுதினால், துரையிடம் பேசி அதை வாங்கித் தருவதாகத் தோட்டத்துக் கிளாக்கர் மருமகளிடம் சொல்லியிருந்தார்.

“மழ சாய்ச்சு அடிச்சா எங்க அடுப்பு நனைஞ்சிருதுங்க. பச்சப் புள்ளைக்கு வெந்நி வைக்க, அவங்க அடுப்பு ஒழியிற வரைக்கும் காத்துக் கெடக்கணும்,” என்றாள்.

“நான் வேணாம்னா சொன்னேன்? கேக்குற வாய் ஒனக்கு இல்ல.”

நான் சுற்றறிக்கையைச் சரணடைந்தேன். கணவனைப் பார்த்து, “நீங்கள் யார் உலையில் சாப்பிடுகிறீர்கள்?” என்றேன்.

அவர் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “காலையில ரொட்டி இவகிட்டங்க. ராவைக்குச் சோறு அம்மாகிட்ட.”

“மத்தியானம்?”

“மலையில, வேல எடத்துல.”

“அதைக் கட்டிக் கொடுப்பது யார்?”

“கையில கெடச்சத எடுத்துக்கிட்டு ஓடுறதுதாங்க.”

“கருவாட்டுக் கொழம்புன்னா மூணு நேரமும் இங்கதான்,” என்றார் தாய், பெருமையாக.

சரி, சாப்பாட்டை விட்டுச் சம்பளத்தைப் பிடிக்கலாம் என்று பார்த்தேன். சம்பள நாளில் மனைவியின் சம்பளத்தையும் கணவனே வரிசையில் நின்று வாங்குவது தோட்டத்து வழக்கம். இவர் இரண்டையும் வாங்கித் தாயின் கையில் கொடுக்கிறாராம். ஆக, உலைப்படி பார்த்தால் இரண்டு குடும்பம். கைப்படி பார்த்தால் ஒன்று. மூன்று பேரும் என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பக்கப் புகையிலும் என் கண் எரிந்தது. அதற்குமேல் ஆதாரம் தேடும் வைராக்கியம் எனக்கில்லை. இரண்டு என்று எழுதி, கணவனை மனைவியோடு சேர்த்தேன்.

“எம் மகன எழுத்துலயே வெட்டி விட்டுட்டீங்களே சாமி,” என்றார் தாய்.

அந்த லயத்தில் பாதிக் காம்பராக்களில் இரண்டாவது அடுப்பு முளைத்திருந்தது. நியாயம் எல்லாருக்கும் ஒன்றுதானே என்று, எங்கும் இரண்டாகவே எழுதினேன். கந்தோரில் வரிசையாக நிறுத்திப் பார்த்தால், நடுவில் நிற்பவர் முன்பைவிட ஏழையாக இருந்தார்.

“எல்லாருக்கும் சம்பளம் கூடியிருக்கு. குடும்ப வருமானம் எப்படி ஐசே கொறையும்?” என்றார் மேலதிகாரி.

“உலை கூடிப்போச்சு சேர்.”

அவர் என்னை வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார். ஒரு வருமானம் இரண்டு உலைக்குப் பிரிந்ததில், யாருக்கும் ஒரு சதம் குறையாமலே ஊர் ஏழையாகிவிட்டது. இதை இன்றும் யாருக்காவது விளக்கத் தொடங்கினால், பாதி வழியில் எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. விலைவாசியையும் சேர்த்துப் பார் என்கிறார்கள். சேர்த்தும் பார்த்தேன், குழப்பத்துக்கும் விலை ஏறியதுதான் மிச்சம்.

சரிபார்த்து வரும்படி திரும்ப அனுப்பினார்கள். மருமகளுக்குக் கடைசிக் காம்பரா கிடைத்திருந்தது. ஆனால் கணவனோ, பொழுது சாயும் நேரத்தில் தாயின் வாசலில் உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தார். நான் நேரே கடைசிக் காம்பராவுக்குப் போனேன்.

“அவர் அங்கே சாப்பிடுகிறாரே?” என்றேன் அவளிடம்.

“திங்கட்டுமே. சம்பளத்த மட்டும் இங்க கொண்டாரச் சொல்லியிருக்கேன்.”

“கொண்டுவருகிறாரா?”

“இந்த மாசம் பாதி.” என் முகத்தைப் பார்த்தாள். “அதுக்கு என்னங்கய்யா எழுதுவீங்க?”

“தெரியவில்லை.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் குழந்தை தூங்கியது.

“புள்ள முழிச்சிரும்,” என்றாள். “கதவ மெதுவாச் சாத்திட்டுப் போங்க ஐயா.”