உருவி எடுத்த கம்பி

இதை எழுத ஏழு வருடம் தயங்கினேன். மகள் சம்பந்தி வீட்டில்தான் வாழ்கிறாள்; அவளுக்கு ஏதும் சங்கடம் வந்துவிடுமோ என்ற பயம். அல்லாஹ் மன்னிக்கட்டும், இனி அடக்க முடியவில்லை.

என் நெஞ்சு ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு வருடத்துக்குள் அதே இடம் மறுபடி அடைத்தது. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பலூனால் விரித்துவிட்டு, திரும்பவும் சதை வளராமலிருக்க, கதிர்வீச்சு மருந்து (எங்கள் பக்கம் 'கரண்டு' என்பார்கள்) வைத்த மெல்லிய கம்பியைக் குழாய்க்குள் விட்டார்கள். இருபது நிமிடம்போல இருக்கும். பிறகு உருவி எடுத்துப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். கம்பி உள்ளே இருந்த நேரம் டாக்டர், நர்ஸ் எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். நான் மட்டும் கலிமா ஓதிக்கொண்டு கிடந்தேன். சொந்த ஊரான கம்பம் திரும்பியதும், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொன்னவன் நானேதான்.

மகளுக்கு ஏழாம் மாதம் பிறந்ததும், அவளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர நானும் மனைவியும் பலகாரத்தோடு பக்கத்துக் கூடலூர் போனோம். சம்பந்தி வாசலிலேயே நிறுத்தினார்.

"மச்சான், கோவிச்சுக்கிடாதீக. கரண்டு வச்ச உடம்பு. புள்ளத்தாச்சிய அங்கன அனுப்ப மாட்டோம்."

"அத அன்னைக்கே உருவிட்டாக மச்சான். உள்ள ஒண்ணும் இல்ல."

"டாக்டரே கதவச் சாத்திட்டு வெளிய ஓடிட்டாகன்னு நீங்கதான சொன்னீக?"

உள்ளேயிருந்து சம்பந்தியம்மா: "அண்ணன் நெஞ்சுல பல்பு எரியுதாம்ல!"

பெண்கள் சிரித்தார்கள். மகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, விடவில்லை போலும்.

பயமில்லை என்று டாக்டர் எழுதித் தந்த கடிதத்தை நீட்டினேன். "இங்கிலீசு எனக்கென்ன தெரியும்" என்றார். ஏலக்காய் ஏல நோட்டீசை இங்கிலீஷில் வரி விடாமல் படிக்கிற மனுஷன்!

மனைவி பலகாரத் தூக்கை வாசலில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

பிரசவம் அங்கேயே நடந்தது. பேரன் காதில் நான் சொல்லவேண்டிய பாங்கை வேறு யாரோ சொன்னார்கள். நாற்பது நாள் கழித்து, கைக்குத் தராமல் தூரத்திலிருந்து காட்டினார்கள். நான் செய்த குற்றம் என்ன? வைத்தியம் பார்த்துப் பிழைத்ததா? நோயாளியைப் போய்ப் பார்ப்பது கடமை என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ உரையில் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள்தானே இவர்கள்!

நான் சொன்னதில், எல்லோரும் வெளியே போனது ஊர் முழுக்கப் பரவியது. கம்பியை எடுத்துவிட்டது மட்டும் யார் வாயிலும் வரவில்லை. ஆகவே, இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் தயவுசெய்து முழுதாகச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.