மூச்சு முட்டிய டிரம்

மெக்னீசியத்தை லேத்தில் கடைந்து உருப்படி செய்யும் அந்தப் பட்டறையில் அவளுக்கு மூடியக்கா என்று பெயர். லேத்திலிருந்து உதிரும் உலோகச் சுருள்களைக் கூட்டி அள்ளி டிரம்மில் போட்டு மூடி வைப்பது அவள் வேலை. சுருளில் எப்போதும் கொஞ்சம் ஈரம் ஒட்டியிருக்கும், கருவி சூடேறாமல் இருக்க ஊற்றுகிற எண்ணெய்த் தண்ணீர். மெக்னீசியத்துக்கும் தண்ணீருக்கும் ஆகாது. ஆனால் தெருவுக்கு வந்து சண்டை போடுகிற ஜோடி இல்லை. அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே பொருமுகிற ஜோடி. அந்தப் பொருமலில் பிறப்பது ஹைட்ரஜன். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. வழி விட்டால் பேசாமல் போய்விடும். அடைத்து வைத்தால் டிரம்மையே உப்ப வைக்கும், பொறி பட்டால் வெடிக்கும். அதனால் ஒவ்வொரு மூடியிலும் ஆணியடித்து ஐந்து ஓட்டை போட்டு வைத்திருந்தாள். பதினாறு வருடத்தில் ஒரு டிரம்கூட முணுமுணுத்ததில்லை.

மேற்பார்வையாளன் அவளுடைய சித்தி மகன். முதலாளி காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி அவனை உள்ளே நுழைத்ததே அவள்தான். படித்த பிள்ளை, மளமளவென்று மேலே போய்விட்டான். வெளியாட்கள் பட்டறையைப் பார்க்க வரவிருந்த வாரம், பச்சை வண்ணத்தில் புத்தம்புது மூடிகளை இறக்கினான். சுற்றிலும் இறுக்கிப் பூட்டுகிற வளையம்.

"ஓட்டை எங்கடா தம்பி?"

"பார்க்கிறவங்க சிரிப்பாங்கக்கா. இதை மாட்டு."

"உள்ள ஈரம் இருக்கு. மூச்சு முட்டும்."

"டிரம்முக்கா, உனக்கா? ரெண்டே நாள். என் மானத்தை வாங்காத."

தம்பியின் மானம் பெரிதாகப் பட்டது. மாட்டினாள்.

வந்தவர்கள் மூடிகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் மதியம் ஒரு மூடி கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்ததால் யாருக்கும் காயமில்லை.

"யார் மூடினது?" என்றார் முதலாளி.

"அக்காதான் சார்," என்றான் தம்பி.

பொய் என்று சொல்ல முடியாது. அடுத்த வாக்கியத்துக்காக அவள் காத்திருந்தாள். அது வரவே இல்லை.

சாயங்காலம் ஒரு தாளோடு வந்தான். "கையெழுத்துப் போடுக்கா, சும்மா சம்பிரதாயம். உன் வேலைக்கு நான் பொறுப்பு." போட்டாள். 'அறியாமையால் நான் செய்த தவறு' என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. பயிற்சியில் தேறினால்தான் இனி வேலை என்றார்கள். பயிற்சி கொடுப்பவன் தம்பி.

பட்டறை மொத்தமும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, பலகையில் எழுதினான்: 'ஈர மெக்னீசியம் மூச்சு விட வேண்டும்.' அவள் பேச்சுதான், இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தது.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

அவள் எழுந்தாள். "ஒண்ணு இருக்குங்க சார்."

பிறந்ததிலிருந்து அவனை அவள் சார் என்று கூப்பிட்டதில்லை. அவன் திரும்பிப் பார்த்தான்.

"அன்னிக்கு என்னை மூடச் சொன்னது யாருங்க சார்?"

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "டீக்கு நேரமாச்சு."

லேத்துக்காரர்கள் அவளைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து டீக்குப் போனார்கள். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.