திரித்துவப் புத்தகத்தில் ஜெப எண்ணெய்

இன்று ஆவடி பஸ்ஸில், பிதா, சுதன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவம் பற்றிய தடிமனான புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். இறையியல் கல்லூரி நூலகத்தில் கெஞ்சி வாங்கியது, நாளை திருப்பித் தர வேண்டும்.

பக்கத்து சீட்டில் எங்கள் சபை எஸ்தர் ஆன்ட்டி.

"இன்னாப்பா, பைபிள் இருக்கசொல்ல இது எதுக்கு?"

"புரிஞ்சிக்கத்தான் ஆன்ட்டி."

"அப்டி புரிஞ்சிக்கப் போனவங்கதான் விசுவாசத்த வுட்டுப் பின்மாறிப் பூட்டாங்க."

உடனே பையிலிருந்து ஜெப எண்ணெயை எடுத்து என் நெற்றியில் பூச வந்தார். டிரைவர் பிரேக் போட்டதில் பாதி பாட்டில் புத்தகத்தில் கொட்டிவிட்டது.

"அல்லேலூயா! புக்குக்குத்தான் தேவைன்னு கர்த்தர் காட்டிட்டாரு பாரு!"

எண்ணெய் ஊறி இப்போது மூன்று பக்கங்கள் ஒரே பக்கமாகத் தெரிகின்றன. விளக்கம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது.

காகிதத்தில் எண்ணெய்க் கறை போக்க யாருக்காவது வழி தெரியுமா? 'ஜெபிக்கிறேன் பிரதர்' என்று மட்டும் யாரும் கமென்ட் போடாதீர்கள்.