கலியபெருமாள் எடுக்காத ஆறு பல்புகள்

இவ்வளவு காலம் பேசாமல் இருந்தது போதும்.

எலக்ட்ரீஷியன் கலியபெருமாள் இறந்த செய்தி, நம் நகர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்புக்குக் கீழே வந்தது. திருப்பனந்தாளில் தங்கை வீட்டில் மாரடைப்பாம். உடனே வரிசையாகக் கும்பிடும் கைகள். அவரை இந்த நகருக்குள் வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்று அன்று தூக்கியதும் இதே கைகள்தான்.

மயிலாடுதுறையில் நம் நகரின் பாதி வீடுகளுக்கு வயரிங் செய்தவர் அவர். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் சுவிட்ச் மோகம் எல்லோருக்கும் வந்தபோது, உள்ளதை உள்ளபடி சொன்னவர் அவர் ஒருவர்தான். சாதாரண எல்இடி பல்பை டிம்மரில் போட்டால் துடிக்கும், அணைத்தாலும் மினுக்கும், சீக்கிரம் போய்விடும். டிம்மருக்கென்றே செய்த பல்புதான் வேண்டும் என்பார். அட்டைப்பெட்டியை வாங்கிப் படிக்காமல் ஏணியில் ஏற மாட்டார். மாட்டி முடித்ததும் மின்விசிறி, டிவி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, சுவிட்சின் அருகே காதை வைத்து நிற்பார். ஒரு வீட்டில் நடுவே குக்கர் விசிலடித்தது. அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு முதலிலிருந்து கேட்டார். "ரீங்காரம் வந்தா அது நான் செஞ்ச வேலை இல்ல சார்" என்றார்.

சங்கத் தலைவர் வீட்டு ஹாலுக்கும் அப்படித்தான் ஆறு பல்பு போட்டுக் கொடுத்தார். துளித் துடிப்பு இல்லை. ஆனால் ஆறும் மஞ்சள் வெளிச்சம். தலைவருக்குப் பளீரென்று வெள்ளை வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைத்தெருவில் வாங்கிய சாதாரண வெள்ளை பல்புகளைத் தன் கையாலேயே மாட்டினார். ஏணியைப் பிடித்துக்கொண்டவன் நான். கழற்றியதை வலங்கைமானில் இருக்கும் தன் வயல் மோட்டார் கொட்டகைக்கென்று எடுத்து வைத்தார். "எழவு வீடு மாதிரி இருக்குய்யா. இது மோட்டாருக்குப் போதும்" என்றார். நான் சிரித்தேன்.

தலைவர் மகளின் நிச்சயதார்த்தத்தன்று, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஹால் முழுக்க விளக்கு வெட்டி வெட்டி எரிந்தது. "ஒங்க வீட்டுக் கரண்ட்டுக்கு எங்களப் புடிக்கல போல" என்றார் வருங்காலச் சம்பந்தி. அந்த அவமானத்தை யார் தலையிலாவது இறக்கியாக வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் தலைவர் எழுந்து, கலியபெருமாள் நல்ல பல்புகளைத் திருடிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிட்டதாகச் சொன்னார். தீர்மானம் நிறைவேறியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்குத் தலைவரின் தயவு வேண்டியிருந்தது. எதற்கென்பது இங்கே வேண்டாம். அந்தத் தயவும் கிடைக்கவில்லை.

சில நாள் கழித்து டீக்கடையில் கலியபெருமாள் என்னருகே வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் போனவர், சன்னல் வழியாக எங்களைப் பார்த்திருக்கிறார்.

"நான் எடுக்கலன்னு ஒங்களுக்குத் தெரியும்ல சார்?"

தெரியும் என்றேன்.

"நான் சொன்னா எடுபடாது. நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எம் பொண்ணு இந்தத் தெரு வழியாத்தான் காலேஜுக்குப் போவுது."

பார்க்கலாம் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. மறுபடி கேட்கவே இல்லை. அதன்பின் மொபெட்டில் திருப்பனந்தாள் பக்கம் போய் வேலை செய்துகொண்டிருந்தார்.

நேற்றைய இரங்கல் கூட்டத்தில் தலைவர் மைக்கைப் பிடித்தார். "ஏதோ ஒரு தப்பு பண்ணிட்டாப்ல. போன மனுசன். மன்னிச்சு விட்ருவோம்" என்றார். நீங்கள் எல்லோரும் பெருந்தன்மையோடு தலையாட்டினீர்கள். செய்யாத திருட்டுக்கு மன்னிப்பு. முன்வரிசையில் கலியபெருமாளின் பெண் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, கடைசிவரை நான் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தைதான். அதை இப்போது சொல்கிறேன். கலியபெருமாள் எடுக்கவில்லை. சந்தேகம் உள்ளவர்கள் வலங்கைமான் போய் மோட்டார் கொட்டகையில் பார்த்துக்கொள்ளலாம்.

நாளைக் காலை இதைச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டப் போகிறேன். பெயர் போடப் போவதில்லை. போட்டால், எனக்கு யார் யாரோடு சண்டை என்று பேசியே அவரை மறந்துவிடுவீர்கள். எழுதியது யாரென்று தலைவருக்குத் தெரியும். என் பெயரை அவர் வெளியே சொல்ல வேண்டுமானால், பல்பை மாற்றியது தான்தான் என்று முதலில் சொல்லியாக வேண்டும்.