எட்டு மணிக்கு வராத தாய்மார்கள்

கென்யாவின் கிசுமு நகரில் அப்போண்டியைத் தெரிந்தவர்கள் அவளுடைய வேகத்தைத்தான் முதலில் சொல்வார்கள். பக்கத்து மேசைக்காரர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் கணினி நிரலை எழுதி முடித்துவிடுவாள். எழுதியதைத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் மட்டும் கிடையாது.

ஏரிக்கரையில் இருந்த சிறிய மருத்துவமனைக்கு அவள் ஒரு மென்பொருள் செய்து கொடுத்திருந்தாள். பிள்ளைகளின் தடுப்பூசி நேரத்தைத் தாய்மாருக்குக் குறுஞ்செய்தியில் நினைவூட்டும். காலை எட்டு மணிக்கு வரச் சொல்லும் ஆங்கிலச் செய்தியைச் சுவாஹிலியிலும் அனுப்பச் சொன்னார்கள். அதையும் ஒரே காலையில் முடித்தாள்.

அடுத்த ஊசி நாளன்று மதியத்துக்கு மேல் நர்ஸ் நெகேசா போனில் பொரிந்தாள். "ஏம்மா அப்போண்டி, உன் மெஷின் என்னத்தச் சொல்லித் தொலைச்சுது? காலைல ஒரு ஈ காக்கா வரல. கொட்டாவி விட்டே பொழுது போச்சு. இப்ப நான் கிளம்புற நேரத்துல திருவிழாக் கூட்டம்!"

அப்போண்டி ஓடினாள். தாழ்வாரம் நிரம்பி, பிள்ளைகள் வீறிட்டுக்கொண்டிருந்தன. ஒரு தாயின் போனை வாங்கிப் பார்த்தவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சுவாஹிலியில் மணியை விடியலிலிருந்து எண்ணுவார்கள். எட்டு மணி என்றால் பிற்பகல் இரண்டு. அவள் சொற்களை மாற்றினாளே தவிர எண்ணை மாற்றவில்லை.

"என்ன தங்கச்சி, நாங்க லேட்டா வந்துட்டமா?"

"இல்லக்கா. நீங்க சரியாத்தான் வந்திருக்கீங்க. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"நீ நம்ம ஊர்ப் பொண்ணுதானே? மணி பாக்கத் தெரியாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், உள்ளே சுருக்கென்றது.

அலுவலகத்தில் கூட்டாளி ஒடேரா சமாதானம் சொன்னான். "மொழிபெயர்ப்புக் கோளாறுன்னு சொல்லிடு. நம்ம நிரல் சரியாத்தானே ஓடுச்சு?"

"ஓடுச்சு. யாருக்காக ஓடுதுன்னுதான் நான் பாக்கல."

திருத்த அதிக நேரம் ஆகவில்லை. யோசனைதான் விடவில்லை. சந்தையில் ஓமெனா மீன் வாங்கும்போது வாயில் தானாக வருகிற சுவாஹிலி மணிக்கணக்கு, கணினி முன்னால் உட்கார்ந்ததும் எங்கே போயிற்று? செருப்பைக் கழற்றுவதுபோல் தன்னையும் வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் வேலைக்கு உட்காருகிறாளோ?

அதன்பின் ஊசி நாட்களில் நெகேசாவிடம் கேட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தாள். பல வீடுகளில் இருப்பது ஒரே போன். அதுவும் கணவனோடு மீன்படகில் போய்விடுகிறது என்று அங்கேதான் தெரிந்தது. அக்கம்பக்கத்தில் நம்பிக்கையான ஒருவர் எண்ணையும் தாய்மார் கொடுக்கும்படி மென்பொருளை மாற்றினாள். வராமல் போகும் பிள்ளைகள் மெல்ல மெல்லக் குறைந்தார்கள்.

"எங்க ஜெட் விமானம் ஆமையாயிடுச்சு," என்று ஒடேரா கேலி செய்தான். கேலி பலித்தது. எழுதியதை ஒருநாள் ஆறப்போட்டு, வாய்விட்டு வாசித்து, பிறகே அனுப்பினாள். வருடங்கள் ஓடின. சுற்றுவட்டார மருத்துவமனைகளும் அந்த மென்பொருளைக் கேட்டு வாங்கின.

இப்போது ஒடேரா தன் நிரலை அவளிடம் காட்டாமல் அனுப்புவதில்லை.

"சீக்கிரம் பாத்துச் சொல்லு அப்போண்டி."

"நாளைக்குச் சொல்றேன்."

முனகிக்கொண்டே நாற்காலியில் சாய்வான் ஒடேரா. அவள் முதல் வரியிலிருந்து நிதானமாக வாசிக்கத் தொடங்குவாள்.