டெக்சாஸ் சிற்றூரில் ஒரு தியேட்டர், இரண்டு வாசல்

ஆசைப்பட்டுப் போன பயணம் இல்லை இது. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இனியாவின் ப்ராஜெக்டுக்காகப் போனது. இரண்டு பக்கம் எழுதி, திங்கட்கிழமை வகுப்பில் படிக்க வேண்டும். முதல் பக்கம், ஐம்பதுகளில் ஓர் அமெரிக்கச் சிற்றூரின் சாதாரண நாள். இரண்டாம் பக்கம், அதே காலத்தில் உங்கள் குடும்பத்தின் சாதாரண நாள். எங்கள் ஜாதியைச் சொல்லாமல் அந்த இரண்டாம் பக்கத்தை எழுத முடியாது. அதை நான் இனியாவிடம் சொன்னதே இல்லை. மூன்று வாரமாகக் கேட்கிறாள், மூன்று வாரமாக எனக்கு மீட்டிங்.

"இன்னும் எத்தன நாளைக்கு மழுப்புவீங்க?" என்றாள் மனைவி செல்வி. மழுப்பவில்லை, அலுத்துப்போய்விட்டது என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்லவும் அலுப்பாக இருந்தது.

மார்ச் மாதம், சனிக்கிழமை. டல்லாஸ் பக்கம் எங்கள் வீட்டிலிருந்து மேற்கே 118 மைல். காலை 7.40க்குக் கிளம்பி, நடுவில் ஒரு காபிக்கு நிறுத்தி, 10.05க்குப் போய்ச் சேர்ந்தோம். கடைசி 30 மைலுக்கு கேஸ் ஸ்டேஷன் கிடையாது, பெட்ரோலை முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஊர் என்பது ஒரு கோர்ட் கட்டடமும் அதைச் சுற்றி நாலு தெருவும்தான். எட்டுக் கடைகளை அந்தக் காலத்தில் இருந்தபடியே மியூசியமாக வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு 8 டாலர், பிள்ளைகளுக்கு 4. சுற்றிக் காட்டியவர் டாரதி, வயது 86, அங்கேயே பிறந்து வளர்ந்தவர். மருந்துக் கடைக்குள்ளேயே ஐஸ்கிரீம் சோடா கவுண்டர் இருக்கிறது, பள்ளி விட்டதும் பிள்ளைகள் அங்கேதான் கிடப்பார்களாம். நாலு வீட்டுக்கு ஒரே டெலிபோன் லைன், ரிசீவரை மெல்ல எடுத்தால் அடுத்த வீட்டுச் சண்டை காதில் விழும். திங்கள் துணி துவைப்பு, செவ்வாய் இஸ்திரி. கொடியில் துணி காயும் வரிசையை வைத்தே ஊர் ஒரு பெண்ணை எடை போட்டுவிடும்.

"நம்ம கம்யூனிட்டி வாட்ஸப் குரூப் மாதிரியே இருக்கு" என்றாள் செல்வி. நான் கொட்டாவியை அடக்கிக்கொண்டு படம் எடுத்தேன்.

11.30க்கு, கடைசியாக, தியேட்டர். முன்னால் கண்ணாடிக் கதவு, வரிசையாக பல்புகள். பக்கத்துச் சந்தில் குறுகலாக இன்னொரு கதவு. அது எதற்கென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இனியாதான் கேட்டாள். டாரதி சாவிக்கொத்தை எடுத்தார். கறுப்பர்கள் பால்கனிக்குப் போன வழி, அவர்களுக்கு டிக்கெட் ஜன்னலும் தனி என்றார். டூரில் இது கிடையாது, தானே ஒரு தடவைகூட ஏறியதில்லை என்றும் சொன்னார். பிறகு திறந்துவிட்டார். 19 படிகள், கைப்பிடி ஒரு பக்கம்தான். மேலே வெறும் மர பெஞ்சுகள்.

நாங்கள் அப்போது வந்திருந்தால் எந்த வாசல் என்று இனியா அவரிடம் கேட்டாள். முன்வாசல் என்று சொல்ல ஆசைதான், ஆனால் தெரியவில்லை என்றார் டாரதி. நல்ல மனுஷி, பொய் சொல்லவில்லை.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "இனியா, செகண்ட் பேஜ் எழுதிக்கோம்மா" என்றேன். என் தாத்தா வயல் வேலை முடிந்து டீக்கடைக்குப் போவார். உள்ளே போக முடியாது. பின்பக்கம் நிற்க வேண்டும். கை படாமல் உயரத்திலிருந்து கொட்டாங்குச்சியில் டீ ஊற்றுவார்கள். குடித்ததும் அவரே கழுவி, கூரை ஓலையில் செருகிவிட்டு வர வேண்டும். காசு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

"ஸ்கூல்ல கேஸ்ட் பிரமிட் படிச்சோமே. அதுல அடியில இருக்கிறவங்க... தட்ஸ் அஸ்?" என்றாள்.

"ஆமா."

"ஒய் டிட்ன்ட் யூ டெல் மீ?"

 பதினாறு வருடமாக ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஒவ்வொரு தமிழர் பாட்லக்கிலும் 'நேட்டிவ் எது' என்று தொடங்கி 'அங்க எந்தத் தெரு' என்று வந்து நிற்பார்கள். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கரண்டி சாம்பாருக்குப் போய்விடுவேன். ஒளிந்து ஒளிந்து பழகிவிட்டது என்பதைத் தவிர அவளிடம் என்ன சொல்ல?

12.50க்கு வீட்டுக்குத் திரும்பக் கிளம்பினோம்.  நாற்பது மைல் தாண்டியதும், இதை கிளாஸில் படிக்கலாமா என்று இனியா கேட்டாள். அவள் வகுப்பில் மூன்று தமிழ்ப் பிள்ளைகள். மாலைக்குள் விஷயம் எல்லாத் தமிழ் வீட்டுக்கும் போய்விடும். செல்வி என்னைப் பார்த்தாள். 

"படி" என்றேன்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை மட்டும், 10 முதல் 4 வரை. ஜூனில் போகாதீர்கள், வெயில் தாங்காது. சைவம் என்றால் அங்கிருக்கும் ஒரே சாப்பாட்டுக் கடையான டைனரில் பிரெஞ்சு ஃப்ரைஸ்தான், தயிர் சாதம் கட்டிக்கொள்ளுங்கள். சந்துக் கதவைக் கேட்டால்தான் திறப்பார்கள், கேளுங்கள்.

இன்று ஞாயிறு. இதைப் படிக்கும் டல்லாஸ் தமிழர்களே, நாளை பிள்ளைகள் வழியாக உங்களுக்குச் செய்தி வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். எந்தத் தெரு என்று கேட்டீர்களே, ஊருக்கு வெளியே இருக்கும் காலனி. அடுத்த சனிக்கிழமை பாட்லக்குக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். மூன்று பேரும் வருகிறோம்.